புகையைப் பிடிக்க 20,000 கோடி: பணம் எதற்குக் கொடுக்கப்பட வேண்டும்?



2026-27 மத்திய பட்ஜெட் வந்த அன்று, நமக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தவர்கள்தாம் நம்மில் அதிகம். அதே பட்ஜெட்டில், ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தவும், பூமிக்கடியில் சேமித்து வைக்கவும் ஐந்து ஆண்டுகளுக்கு 20,000 கோடி ரூபாய் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. மின்சாரம், உருக்கு, சிமெண்ட், எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய தொழில்களுக்கு உரியது இது. மளிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நாம் சோடா மாவு விற்கிறோம் அல்லவா, அங்கிருந்தே தொடங்குவோம்.

நமது தளவாய்புரத்திலிருந்து லாரி காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் உள்ளது தூத்துக்குடி. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை உப்பு, அம்மோனியா, கரியமில வாயு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சலவை சோடா தயாரிக்கும் ஆலையாகும். உப்புக்குத் தூத்துக்குடியில் பஞ்சமில்லை. கரியமில வாயு ஒழுங்காகக் கிடைப்பதுதான் சிரமமாக இருந்தது. 2016-ல் தனது நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிரித்தெடுக்க இந்த ஆலை ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயு பிடிக்கலாம் என்பது திட்டம்.

வேலை நடக்கும் விதம் எளிதுதான். புகையை உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து மேலே விடுகிறார்கள். மேலிருந்து ஒரு ரசாயனத் திரவம் மழைபோல் இறங்கி, கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. அந்தத் திரவத்தைத் தனியாகச் சூடாக்கினால் வாயு பிரிந்து வந்துவிடும்; திரவம் மறுபடி கோபுரத்துக்குப் போகும். சூடாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும். செலவெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அந்தச் செலவைக் குறைக்கும் புதிய திரவத்தைக் கண்டுபிடித்தவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள். நம் நாட்டில் அவர்களுக்கு முதல் போட ஆள் கிடைக்கவில்லை. இங்கிலாந்து அரசு மானியமும் கொடுத்து, குடியேற வழியும் செய்து கொடுத்தது. கம்பெனி லண்டனுக்குப் போய்விட்டது. அங்கே போன சரக்கு திரும்பித் தூத்துக்குடிக்கே வந்து இறங்கியதை நினைத்தால் சிரிப்பதா, வருந்துவதா தெரியவில்லை.

தூத்துக்குடி ஏற்பாட்டை உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதியதற்குக் காரணம், அது அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்பதே. ஒரு டன் வாயு பிடிக்கச் சுமார் 30 டாலர் ஆகும் என்றார்கள். பிடித்த வாயுவுக்கு ஆலைக்குள்ளேயே கொள்முதல் இருந்தது. வாங்க ஆள் இருந்தால் வியாபாரம் நடக்கும். இதை நமக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பஜ்ஜி மாவில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் மாவு ஏன் உப்புகிறது? சோடாவுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுவதால்தான். சலவை சோடாவை வாங்கும் கண்ணாடி ஆலையின் உலையிலும் அதே வாயு மேலே போய்விடும். ஆக, சோடாவில் அந்த வாயு இருப்பது கொஞ்ச நாள் வாடகைக்குத்தான். உலகம் சூடாவதைத் தடுக்க வேண்டுமானால் வாயுவைப் பாறைக்கடியில் ஆழத்தில் செலுத்தி நிரந்தரமாகப் பூட்ட வேண்டும். பூட்டி வைத்த வாயுவுக்கோ விலை கொடுக்க யாரும் வர மாட்டார்கள். அரசுதான் வாங்க வேண்டும், அல்லது வெளியே விடுபவனுக்கு வரி போட வேண்டும்.

நார்வே நாட்டில் முதலில் வரிதான் போட்டார்கள். 1991-ல் கடலில் எரிவாயு எடுப்போர் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு வரி வந்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் பார்த்து, 1996-லிருந்து ஸ்லைப்னர் என்ற இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை கடலுக்கு அடியில் செலுத்தினார்கள்.

அமெரிக்காவோ முதலில் பணத்தை முன்னே கொடுத்தது. எட்டு நிலக்கரித் திட்டங்களுக்கு 68 கோடி டாலருக்கு மேல் செலவாகி, கட்டி முடித்து ஓடியது ஒன்றே ஒன்று என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2021-ல் சொன்னது. அந்த ஒன்றும் 2020-ல் நின்று, 2023-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. வத்தல் சீசனில் தரகர் ஒருவரை நம்பி நாம் முன்பணம் கொடுத்து, பாதிச் சரக்கு வராமல் பேரேட்டில் இன்றும் பாக்கியாகவே நிற்கிற கணக்கு ஒன்று உண்டு. அதனால் இது நமக்குப் புரிகிறது. அதே அமெரிக்காவில் புதைத்த டன்னுக்கு இவ்வளவு என்று வரிச் சலுகை தரும் முறையும் இருக்கிறது. 2022 சட்டத்தில் அது 85 டாலர் வரை உயர்ந்தது. எடைச் சீட்டைக் காட்டிப் பணம் வாங்குவது போன்றது இது.

முன்பணமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சிமெண்ட் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஆர்.ஆர். நகர் பக்கம் ஆலையைப் பார்த்த நமக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல்தான் அதற்கு மூலப்பொருள். சிமெண்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம், எரிபொருளிலிருந்து வராமல் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. நிலக்கரியை விட்டுச் சூரிய வெப்பத்தில் சுட்டாலும் கல் வாயுவை விடத்தான் செய்யும். நார்வேயில் பிரெவிக் என்ற ஊர் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் ஏற்பாடு 2025-ல் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. வேறு வழியில்லாத தொழிலுக்கு அரசு முதல் போடுவது நியாயமே.

நமது 20,000 கோடிக்கு வருவோம். டன்னுக்கு 2,500 ரூபாய் என்று மலிவாகவே வைத்தாலும், முழுப் பணத்துக்கும் கிடைப்பது 8 கோடி டன். நம் நாடு ஓர் ஆண்டில் விடுவதோ 300 கோடி டன்னுக்கு மேல். ஐந்து வருடப் பணம், சுமார் பத்து நாள் புகைக்கு! ஆகவே இது தொழிலைப் பழகுவதற்கான பணம் என்றே கொள்ள வேண்டும். நாட்டுப் புகையைத் துடைக்க இது போதாது. பழகும் பணம் என்றால், காற்றாலையும் சூரிய மின்சாரமும் கொண்டு புகையையே நிறுத்தக்கூடிய மின் நிலையங்களுக்குக் குறைவாகவும், சிமெண்ட் போன்றவற்றுக்குக் கூடுதலாகவும் போக வேண்டும் என்பது நமது கருத்து. விதிமுறைகளைப் பார்க்கும் அன்பர்கள் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: பணம் இயந்திரம் இறங்கியவுடனா, வாயு எடை போட்ட பிறகா? புதைத்த வாயு பின்னால் கசிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவது யார்?