உடலை அறிதலும் ஓர் எதிர்ப்பே: அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அனுபவம்

தன் உடலில் நிகழ்வதை உணர்ந்து, அதனை நம்பி, வாய்திறந்து கூறுவது சாதாரண காரியமாகவே பலருக்குத் தோன்றலாம். ஆனால், ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டு வந்த உரிமையாகும். எனவேதான் உடலை அறிதல் அவர்களிடையே எதிர்ப்பாகவும் ஆற்றுப்படுத்தலாகவும் கருதப்படுகின்றது.

அடிமை முறையின் கீழ் அப்பெண்களின் உடல் சட்டப்படி எசமானின் சொத்தாகவே இருந்தது. 1840களில் அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர், அடிமைப் பெண்கள் மீது மயக்கமருந்தின்றி மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைகளைப் பரீட்சித்தார். அவர்களுள் அனார்க்கா, பெற்சி, லூசி ஆகிய மூவரின் பெயர்களே அவரது பதிவுகளில் எஞ்சியுள்ளன.

அடிமை முறை ஒழிந்த பின்னரும் இந்த மனப்பாங்கு மறைந்துவிடவில்லை. 1961 இல் மிசிசிப்பி மாநிலத்தில் கட்டியொன்றை அகற்றுவதற்காக வைத்தியசாலைக்குச் சென்ற ஃபனி லூ ஹேமரின் கருப்பை, அவரது சம்மதமின்றியே அகற்றப்பட்டது. பின்னர் வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னணித் தலைவியாக விளங்கிய அவர், தமக்கு நேர்ந்த அநீதியைப் பகிரங்கமாகவே எடுத்துரைத்தார்.

தனியொருவரின் அத்துணிவை ஒரு கூட்டு முயற்சியாக்கியவர்களுள் பில்லி ஏவரி குறிப்பிடத்தக்கவர். 1983 இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் சுகாதாரம் பற்றிய தேசிய மாநாட்டை அவர் நடத்தினார். அதன்வழி வளர்ந்த சுயஉதவிக் குழுக்களில் பெண்கள் தமது நோய்கள், மன அழுத்தம், வீட்டு வன்முறை என்பன பற்றி மனந்திறந்து பேசினர். ‘எதையும் தாங்குபவள்’ என்ற புகழுரையே வலியை மறைக்கும் திரையாகிவிடுகின்றது என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

இச்சுமை சிறுவயதிலேயே ஏற்றப்படுகின்றது. கறுப்பினச் சிறுமியருக்கு வெள்ளையினச் சிறுமியரைவிடக் குறைந்த பாதுகாப்பும் அரவணைப்புமே போதும் எனப் பெரியவர்கள் எண்ணுவதை, 2017 இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வொன்று வெளிப்படுத்தியது. குழந்தையாகவே கருதப்படாத சிறுமி தன் வலியை யாரிடம் முறையிடுவாள்?

உடலறிவு உயிரையும் காக்கும். 2017 இல் பிரசவத்தின் மறுநாள் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. முன்னர் நுரையீரலில் குருதிக்கட்டி ஏற்பட்ட அனுபவமுடைய அவர், அதற்கான பரிசோதனையை உடனே செய்யுமாறு கோரினார். வலிநிவாரணியால் அவர் குழம்பியிருக்கலாம் எனத் தாதி கருதினார். எனினும் அவர் விடாது வலியுறுத்தினார். இறுதியில் குருதிக்கட்டிகள் கண்டறியப்பட்டன.

உலகப்புகழ் பெற்ற ஒருவருக்கே இந்நிலையெனில் சாதாரண பெண்களின் கதி என்ன? 2023 இல் அமெரிக்காவில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறக்க, கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தனர். இவ்வேறுபாட்டைப் பெண்களின் விழிப்புணர்வு மட்டும் போக்கிவிடாது. தன் உடலின் குரலைக் கேட்கப் பெண் பழகினால் மட்டும் போதாது. அவள் கூறுவதை நம்பிச் செவிமடுக்க வைத்தியத்துறையும் பழகவேண்டும்.