புதுக் காரின் நடுக்கம்

சேமித்த பணத்தையெல்லாம் கொட்டி வாங்கிய புதுக் கார், நெடுஞ்சாலையில் 90 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் நடுங்கத் தொடங்குகிறது. விற்றவரைக் கேட்டால், "புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார். இவ்விடையை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

60 சதமமீற்றர் விட்டமுடைய சில்லு, 100 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 15 முறை சுழல்கிறது. அதன் இரும்பு விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் பாரம் மிகுந்திருந்தாற்கூட, 3 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் தொங்குவது போன்ற விசையோடு அது சில்லைச் சுற்றுக்குச் சுற்று வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் அவ்விழுப்புக் காற்பங்காகிவிடும். நகரத் தெருவில் ஓட்டிப் பார்க்கும் திருத்துநருக்கு ஒன்றுமே தெரியாமற் போவது இதனாலேதான். அவர் பொய்யுரைப்பதாகச் சினத்தல் வேண்டா.

சுக்கான் நடுங்கினால் முன்சில்லுகளையும், இருக்கை நடுங்கினால் பின்சில்லுகளையும் முதலிற் சமன் பார்க்கச் சொல்லலாம். பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், கோளாறு பெரும்பாலும் பிறேக் தட்டில் இருக்கும். கப்பலிலும் துறைமுகத்திலும் வாரக்கணக்கில் அசையாது நின்ற வண்டியின் ரயர், நிலத்தைத் தொட்ட இடத்தில் தட்டையாகியிருப்பதும் உண்டு; பெரும்பாலும் சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் அது பழைய வட்டத்துக்கு வந்துவிடும். விற்றவரின் வாக்குப் பலிப்பது அநேகமாக இந்த ஒன்றிலேதான்!

எவ்வேகத்தில், எவ்வேளையில் நடுங்கியதென்பதை எழுதிவைத்துக்கொண்டு, உத்தரவாதக் காலம் முடியுமுன், திருத்துநரை அருகில் இருத்தி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுதல் வேண்டும்.