மேல்கோட்டைக்கு வந்த டெல்லி இளவரசி

வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளை இருக்கிறவர்கள் அவளுடைய புத்தக அலமாரியை ஒருமுறை பாருங்கள். கறுப்பு அட்டை போட்ட தடித்த ஆங்கில நாவல்கள் நாலைந்தாவது இருக்கும். அட்டையில் முள்ளோடு ஒரு ரோஜா, இல்லாவிட்டால் ஒரு கத்தி, இல்லாவிட்டால் பாழடைந்த மாளிகை. கதாநாயகன் ரத்தக்காட்டேரியாகவோ சாபம் பெற்ற இளவரசனாகவோ இருப்பான். கதாநாயகி அவனைக் கண்டு ஓட வேண்டியவள். ஆனால் பயந்துகொண்டே அவன் பின்னால் போவாள். இந்த வகைக்கு 'கோத்திக்' என்று பெயர். "இதையெல்லாம் படித்தால் மனசு கெட்டுப் போகாதா?" என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள்.

ரயில்வேயில் பாலத்தோடும் தண்டவாளத்தோடும் காலம் தள்ளியவன் நான். இலக்கிய விமர்சகன் அல்ல. பேத்தி படித்துவிட்டுக் கொடுத்தவற்றில் சிலவற்றைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு நினைவுக்கு வந்தது மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் நம் மேல்கோட்டை.

முதலில் அந்த நாவல்களின் பூர்வோத்தரம். 1764-இல் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற கதையை வெளியிட்டார். இந்த வம்சம் அங்கே ஆரம்பிக்கிறது. 1847-இல் எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்', 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா', 1938-இல் டாஃப்னி டு மாரியரின் 'ரெபெக்கா', 2005-இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்விலைட்' என்று வளர்ந்து, இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரியே பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. கல்கியின் 'மோகினித் தீவு' கதையில் 1942-இல் பர்மாவிலிருந்து கப்பலில் தப்பி வரும் ஒருவன், பாழடைந்த தீவொன்றில் நிலவு வெளிச்சத்தில் ஒரு ஜோடியைக் காண்கிறான். காரைக்கால் அம்மையார் அழகைத் துறந்து பேய் உருவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடுவதைப் பாடியவர். இருளையும் காதலையும் ஒரே இடத்தில் வைப்பது நமக்குப் புதிதல்ல.

இப்போது மேல்கோட்டைக்கு வருவோம். பக்கத்து ரயில் நிலையம் பாண்டவபுரம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊருக்கு 'ஃபிரெஞ்ச் ராக்ஸ்' என்று பெயர். 1939-இல் மண்டியா தனி மாவட்டமாகும் வரை இதெல்லாம் மைசூர் மாவட்டம்தான். திருநாராயணபுரம் என்று வைணவர்கள் சொல்லும் அந்த மலையூரில் நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசி வாழும் மண்டயம் ஐயங்கார்கள் இருக்கிறார்கள். குடிபெயர்ந்த தமிழர்களில் நமக்கெல்லாம் மூத்தவர்கள்! ஊரின் பெரிய உற்சவமான வைரமுடி சேவை இரவில்தான் நடக்கிறது. அந்த வைரக் கிரீடத்தின் மேல் பகல் வெளிச்சம் படக்கூடாது என்பது மரபு.

ஊர் சொல்லும் கதை இது. சோழ நாட்டை விட்டு இங்கே வந்த ராமானுஜர் திருநாராயணரின் மூலவரைக் கண்டெடுக்கிறார். உற்சவமூர்த்தியைக் காணவில்லை. படையெடுப்பில் அது டெல்லிக்குப் போய்விட்டது. ராமானுஜர் டெல்லிக்கே போகிறார். அங்கே சுல்தானின் மகள் அந்த விக்கிரகத்தைப் பொம்மையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். பகலில் அது பொம்மை. இரவானால் உயிருள்ள இளைஞன். அந்தப்புரத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது. ராமானுஜர் "செல்வப்பிள்ளை" என்று கூப்பிட்டதும் விக்கிரகம் குழந்தையாக நடந்து வந்து அவர் மடியில் ஏறிக்கொள்கிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. அரண்மனையை விட்டுப் பின்தொடர்ந்து மேல்கோட்டை வந்து சேர்ந்து, மூர்த்தியின் திருவடியில் கலந்துவிடுகிறாள். இன்றும் செல்வப்பிள்ளையின் காலடியில் சிறிய உருவமாக பீபி நாச்சியார் இருக்கிறாள்.

பூட்டிய அரண்மனை, இரவில் மட்டும் வரும் காதலன், தகப்பன் அறியாத ரகசியம், கடைசியில் உடம்பே கரைந்துபோகும் முடிவு. கறுப்பு அட்டை நாவலுக்கு இதில் எது குறைகிறது?

ரயில்வேக்காரன் புத்தி, கால அட்டவணையைப் பார்க்காமல் விடாது. ராமானுஜரின் காலம் மரபுப்படி 1017 முதல் 1137 வரை. டெல்லியில் சுல்தான் ஆட்சி ஏற்பட்டதே 1206-இல். இரண்டு வண்டியும் ஒரே பிளாட்பாரத்தில் சந்திக்க வழியே இல்லை. ஸ்ரீரங்கத்தின் 'கோயிலொழுகு' ஏறக்குறைய இதே கதையை அரங்கனுக்குச் சொல்கிறது. அங்கே அவள் பெயர் சுரதாணி. காதலனைத் தேடி ஸ்ரீரங்கம் வரை வந்து, அவனைக் காணாமல் உயிரை விடுகிறாள். டெல்லிப் படைகள் 14-ஆம் நூற்றாண்டில் தெற்கே வந்தது சரித்திரம். கோயில்கள் சூறையாடப்பட்டதும், மூர்த்திகளை ஊர் ஊராக ஒளித்து வைத்ததும் சரித்திரம். அத்தனை பயத்துக்கும் நடுவில், கொள்ளையடித்தவனின் வீட்டிலேயே நம் சாமியிடம் மயங்கிய ஒரு பெண் இருந்தாள் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எதிரியின் வீட்டுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி. தேதி உதைத்தாலும் ஜனங்கள் கதையை விடவில்லை.

இந்த நாவல்களின் கவர்ச்சியும் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பயத்தை ரசிப்பது அதில் கொஞ்சம்தான். பகல் நேரத்தில் ஒரு பெண்ணுக்காக மற்றவர்கள் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறார்கள்: படிப்பு, மாப்பிள்ளை, வீடு திரும்ப வேண்டிய நேரம். இருட்டில் அவளே தீர்மானிக்கிறாள், அதற்கு உரிய விலையையும் அவளே கொடுக்கிறாள். 'ட்விலைட்' கதாநாயகி ரத்தக்காட்டேரியாக மாறத் தானே ஆசைப்படுகிறாள். பீபியும் அரண்மனையைத் தானே விட்டு வந்தவள். அவளை யாரும் தூக்கி வரவில்லை. திருவடியில் அவளுக்குக் கைகூப்பிவிட்டு வீடு திரும்புகிறோம். நம் பெண் வேறு மதத்துப் பையன் ஒருவனின் பெயரை எடுத்தால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. இதைக் கதையில் மட்டும் நாம் ஒப்புக்கொள்வதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. மேல்நாட்டுக் கதைகளில் இப்படிப்பட்ட பெண் பல சமயம் வெளியே நிற்கிறாள். 'உதரிங் ஹைட்ஸ்' காதரின் செத்த பிறகும் ஜன்னலைத் தட்டி உள்ளே விடும்படி கெஞ்சுகிறாள். நம்மவர்கள் அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்து, சாப்பாடும் போட்டுவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியார் சந்நிதியில் அவள் சித்திரமாக இருக்கிறாள். அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். அக்காரவடிசில் சாப்பிடும் பெருமாளின் மடைப்பள்ளியில் கோதுமை மாவு பிசைவது ஒரு வடநாட்டுப் பெண்ணுக்காக!

கதை முழுவதும் கேட்ட பேத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தாத்தா, அவளோட நிஜப் பேரு என்ன?" பீபி என்றால் சீமாட்டி. சுரதாணி என்பது சுல்தான் என்ற பட்டத்திலிருந்து வந்தது. துலுக்க நாச்சியார் என்பது அவள் எந்த இனம் என்று சொல்வது. இவை எதுவும் அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. 'ரெபெக்கா'வில் கதை சொல்லும் பெண்ணுக்கும் கடைசிவரை பெயர் கிடையாது என்றாள் பேத்தி.