போர் விமானம் தருவார்கள், திரைக்கதையைக் காட்டினால்

அமெரிக்கக் கடற்படை விமானிகளைப் பற்றிய 'டாப் கன்' திரைப்படம் வெளியாகி 2026 மே 16-ஆம் தேதியுடன் 40 ஆண்டுகள் நிறைகின்றன. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு கட்சிகள் தெரிகின்றன. படத்துக்கு அமெரிக்கக் கடற்படையே பணம் போட்டது என்கிறது ஒன்று. விமானங்களை வாடகைக்கு விட்டதோடு சரி, கதைக்கும் கடற்படைக்கும் சம்பந்தமில்லை என்கிறது மற்றொன்று. இரண்டும் தவறு.

பணம் யாருடையது?

பாராமவுண்ட் நிறுவனத்துடையது. விமானங்கள் பறந்த நேரத்துக்குக் கட்டணமும் கட்டினார்கள். 2022-இல் வந்த 'டாப் கன்: மேவரிக்' படத்துக்கு, எஃப்/ஏ-18 விமானத்தின் கட்டணம் மணிக்கு 11,374 டாலர். விமானி, தளம், விமானந்தாங்கிக் கப்பல் எல்லாம் சேர்ந்து கிடைக்கும்போது ஒரு பெரிய ஸ்டூடியோவுக்கு இது பெரிய தொகையே இல்லை. உண்மையான விலை திரைக்கதையில் இருக்கிறது.

கடற்படை கதைக்குள் எப்படி வந்தது?

உதவி கேட்பவர்கள் முழுத் திரைக்கதையையும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனிடம் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் திருத்தம் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகும். படப்பிடிப்பில் அவர்களுடைய ஆள் இருப்பார். வெளியீட்டுக்கு முன்பே படத்தைப் போட்டுக் காட்டவும் வேண்டும்.

'டாப் கன்'னில் நாயகனின் நண்பன் கூஸ் இறக்கும் காட்சியைப் பாருங்கள். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதுவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். கதையில் விபத்துகள் அதிகம் என்று கடற்படை ஆட்சேபித்தது. சுழன்று விழும் விமானத்திலிருந்து வெளியேறும்போது மேல்மூடியில் மோதி இறப்பதாகக் காட்சி மாறியது. கடற்படைப் பெண்ணாக இருந்த நாயகியும், படைக்குள் காதல் விதிமீறல் என்பதால், படையில் சேராத நிபுணர் ஆனார். 'மேவரிக்' ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடற்படை விமானப் பிரிவு சொல்ல விரும்பும் கருத்துகளைக் கதையில் சேர்க்கவும் அதில் இடம் இருந்தது.

சித்திரிப்பு யதார்த்தமாக இருக்க வேண்டும் என்பதே பென்டகன் சொல்லும் காரணம். ஆனால் ஆள்சேர்ப்புக்கு உதவுவதும் பென்டகன் விதிமுறைகளில் ஒரு நோக்கம். விபத்தைக் குறைப்பது எந்த யதார்த்தத்தில் சேரும்?

உடன்படாவிட்டால்?

தடை கிடையாது, விமானம் கிடைக்காது, அவ்வளவுதான். பதின்வயதுப் பையன் போர் விமானத்தை எடுத்துக்கொண்டு பறக்கும் 'அயர்ன் ஈகிள்' படத்துக்கு அமெரிக்க விமானப்படை உதவ மறுத்தது. இஸ்ரேல் விமானங்களை வைத்து எடுத்தார்கள். 'இண்டிபென்டன்ஸ் டே' படக் குழுவினர் ஏரியா 51 என்ற ராணுவத் தளத்தைக் கதையிலிருந்து நீக்க மறுத்து உதவியை இழந்தார்கள். உதவியின்றிப் படம் எடுக்கும் வசதி இல்லாதவர்கள், எழுதும்போதே அதிகாரிக்குப் பிடிக்கும்படி எழுதத் தொடங்குவார்கள். அதற்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி இருக்காது. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

மற்ற கேள்விகள்

'டாப் கன்'னில் வரும் எதிரியின் மிக்-28? அப்படி ஒரு விமானமே இல்லை. கறுப்புச் சாயம் பூசிய அமெரிக்க எஃப்-5.

நாயகனாக நடித்த டாம் குரூஸ் போர் விமானம் ஓட்டினாரா? கடற்படை அனுமதிக்கவில்லை, பின்னிருக்கையில்தான் பறந்தார்.

'டாப் கன்'னில் பறந்த எஃப்-14 என்ன ஆயிற்று? அமெரிக்கக் கடற்படையிலிருந்து 2006-இல் ஓய்வு பெற்றது. உதிரிபாகங்கள் ஈரானுக்குப் போய்விடும் என்று அஞ்சிப் பல விமானங்களை நொறுக்கினார்கள்.

அடுத்த முறை அமெரிக்கப் போர் விமானப் படம் பார்த்தால், முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். அதில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு நன்றி இருந்தால், உங்களுக்கு முன்பே அவர்கள் அந்தக் கதையைப் படித்துச் சம்மதித்திருக்கிறார்கள்.