மட்டாஞ்சேரி சோப்பில் மின்னும் காக்காய்ப்பொன்: ஊர் பெயரைக் கேட்பார் இல்லை

புது தில்லி: கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் மிளகு வாங்குவோர் அது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டுத்தான் வாங்குகின்றனர். வயநாடா, இடுக்கியா என்று கடைக்காரரும் தயங்காமல் சொல்வார். அதே பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கென விற்கப்படும் கைவினைச் சோப்புகளில் பொன்னாகவும் செம்பாகவும் மின்னும் துகள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

அத்துகளின் பெயர் மைக்கா. அப்பிரகம், காக்காய்ப்பொன் என்று தமிழில் வழங்குவதும், சித்த மருத்துவர்கள் செந்தூரமாக்கிப் பயன்படுத்தி வந்ததும் இதே கனிமம்தான்.

மைக்கா ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையது. மாவாக அரைத்தாலும் ஒவ்வொரு துகளும் தட்டையாகவே இருக்கும். அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய படலமாக ஏற்றுகின்றனர். படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி வெவ்வேறு நிறங்களாகத் திரும்புகிறது. இரும்பு ஆக்சைடை ஏற்றினால் பொன், வெண்கல நிறங்கள் கிடைக்கின்றன. துகள் நீரில் கரையாது என்பதால் சிறிது எண்ணெயில் குழைத்தே சோப்புக் கலவையில் சேர்க்கின்றனர். எல்லா நிறமும் சோப்பில் நிலைப்பதில்லை. பிரஷ்யன் நீலம் ஏற்றிய துகள் காஸ்டிக் சோடாவின் காரத்தில் நிறம் மாறிவிடும்.

பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்குச் சட்டத்தில் குறைவில்லை. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும், ஆர்செனிக் 2 பங்கையும் தாண்டக் கூடாது. நிறமி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தெரிவிக்க வேண்டிய கட்டாயம் அவ்விதிகளில் இல்லை.

கைவிடப்பட்ட குழிகள்: அந்தச் சுரங்கங்களில் பல ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோடர்மா, கிரிதி மாவட்டங்களிலும், பிகாரின் நவாதா மாவட்டத்திலும் உள்ளன. மின்சாதனங்களுக்காக வெட்டப்பட்ட மைக்காவுக்கு மாற்றுப் பொருள்கள் வந்தன. பெருமளவில் வாங்கி வந்த சோவியத் யூனியனும் சிதறியது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டுப் பகுதிச் சுரங்கங்கள் பலவும் மூடப்பட்டன. ஆனால் வெட்டுவது நிற்கவில்லை. 'திப்ரா' எனப்படும் கழிவு மைக்காவைக் கைவிடப்பட்ட குழிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பொறுக்குகின்றனர். பெரிய ஏடு தேவைப்படாத நிறமித் தொழிலுக்கு இந்தச் சிறு துண்டுகளே போதும்.

2016-ஆம் ஆண்டில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நடத்திய புலனாய்வில், இரண்டே மாதங்களில் 7 குழந்தைகள் இக்குழிகளில் இறந்ததும், அந்த மரணங்கள் மறைக்கப்பட்டதும் தெரிய வந்தது. ஜார்க்கண்டின் மைக்கா பகுதிகளில் 6 முதல் 14 வயது வரையிலான 4,545 குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதில்லை என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு 2019-இல் தெரிவித்தது.

இதன் பின்னர் நிறுவனங்கள் சில விழித்துக்கொண்டன. பொறுப்பான மைக்கா முன்முயற்சி என்ற அமைப்பு 2017-இல் பாரிசில் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் லஷ் நிறுவனம் ஆலையில் தயாராகும் செயற்கை மைக்காவுக்கு மாறியது. சோப்புக்கு அது நல்ல தீர்வாகலாம். ஆனால் திப்ரா விற்று அரிசி வாங்கும் குடும்பத்துக்கு அது வேலையிழப்பாகவே முடியும்.

ஒரே அட்டவணையில் இரண்டும்: குழந்தைகளைப் பட்டறைகளில் அமர்த்துவதைத் தடை செய்த 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 'மைக்கா வெட்டுதல், பிளத்தல்' என்பதும் 'சோப்புத் தயாரிப்பு' என்பதும் இடம்பெற்றிருந்தன. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. சுரங்கங்களில் 18 வயதுக்கு உட்பட்டோர் வேலை செய்ய 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் இடம் தரவில்லை. ஏட்டில் இல்லாத சுரங்கத்துக்கு எந்த ஆய்வாளர் செல்வார் என்பதுதான் கேள்வி.

2015 பிப்ரவரியில் மைக்கா சிறு கனிமமாக அறிவிக்கப்பட்டு மாநில அரசுகளின் பொறுப்பில் விடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 20-இல் மத்திய சுரங்க அமைச்சகம் அதை மீண்டும் பெருங்கனிமப் பட்டியலில் சேர்த்தது. இந்த மாற்றத்துக்குக் குழந்தைகள் காரணமல்ல. மைக்கா கிடைக்கும் பெக்மடைட் பாறைகளில் லித்தியம், டாண்டலம் போன்ற அரிய கனிமங்களும் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

குத்தகைதாரர்கள் 2025 ஜூன் 30-க்குள் இந்தியச் சுரங்கத் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. கோடர்மா காடுகளில் திப்ரா பொறுக்குவோரிடம் பதிவு செய்யக் குத்தகை எதுவும் கிடையாது.