எல்லா நோய்க்கும் ஒரே காரணமா?

சதவீதப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இது எதுக்கு சார் பயன்படும்?” வட்டி, தள்ளுபடி, இலாபம் என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. மருத்துவ வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வேறொரு பதில் கிடைத்தது. சதவீதம் உயிரையும் காக்கும். அதை எனக்குப் புரியவைத்தவர்கள் 19 ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த இரண்டு மருத்துவர்கள்.

யார் இந்தப் புரூசே?

பிரான்சுவா புரூசே 1772 இல் பிரான்சின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள சான் மாலோவில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. கடற்படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய புரூசே, பின்னர் பாரிஸில் பட்டம் பெற்று நெப்போலியனின் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். படை சென்ற நாடுகளிலெல்லாம் நோயுற்ற வீரர்களைக் கவனித்தார். இறந்தவர்களின் உடலைத் திறந்து ஆராய்ந்தார். அந்த அனுபவத்தில் 1808 இல் நாள்பட்ட அழற்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1814 இல் பாரிஸின் வால் த கிராஸ் இராணுவ மருத்துவமனையில் ஆசிரியரானார். அதுவரை நிலவிய மருத்துவக் கோட்பாடுகளைக் கடுமையாகச் சாடி 1816 இல் அவர் எழுதிய நூல் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது.

அவருடைய கோட்பாடு மிக எளிமையானது. உடலின் ஏதோ ஓர் உறுப்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுவதே நோய். பெரும்பாலும் அது வயிற்றிலும் குடலிலும் தொடங்குகிறது. அங்கிருந்து பிற உறுப்புகளுக்குப் பரவுகிறது என்றார். காரணம் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றுதான். வயிற்றின்மேல் அட்டைகளை விட்டு இரத்தத்தை உறிஞ்சச் செய்ய வேண்டும். உணவைக் குறைக்க வேண்டும்.

நாடு முழுவதும் இந்த முறை பரவியது. உள்நாட்டு அட்டைகள் போதாமல், 1833 ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளைப் பிரான்ஸ் இறக்குமதி செய்தது.

ஏன் நம்பினார்கள்?

அந்தக் காலத்து மருத்துவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நாம் எளிதாக நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல்களை வெறும் பெயர்ப் பட்டியலாகப் பார்க்காமல், உடலில் எந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தேடச் சொன்னவர் புரூசே. அது நல்ல அறிவுரைதான். ஆனால் தேடுவதற்கு முன்பே விடையை முடிவு செய்துவிட்டதுதான் சிக்கல்.

பல நோய்கள் தாமாகவே குணமாகும். நோயாளி பிழைத்தால், “அட்டை காப்பாற்றியது” என்று சொல்லலாம். இறந்தால், “தாமதமாக வந்தார்” என்று சொல்லலாம். எது நடந்தாலும் கோட்பாடு தோற்காது. தோற்கவே முடியாத கோட்பாடு என்பது பெருமை அன்று. அது ஓர் எச்சரிக்கை.

1832 இல் பாரிஸில் காலரா பரவியபோது, அதையும் குடல் அழற்சி என்றே கருதி அட்டைகளை விட்டார் புரூசே. காலரா உடலின் நீரை வற்றச் செய்யும் நோய். அந்த நிலையில் இரத்தத்தையும் எடுத்தால் என்னவாகும்? பாரிஸில் மட்டும் 18,000 பேருக்கு மேல் அந்தக் கொள்ளைநோய்க்குப் பலியானார்கள். புரூசேயிடம் சிகிச்சை பெற்ற பிரதமர் காசிமிர் பெரியேவும் அந்த மே மாதம் இறந்தார்.

எண்ணிப் பார்த்தவர்

அதே நகரில் பியர் லூயி என்ற மருத்துவர் இருந்தார். அவர் வாதம் செய்வதைவிட எண்ணுவதை நம்பினார். நோயாளிகளின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். நிமோனியா கண்ட 77 பேரை எடுத்துக்கொண்டு, எந்த நாளில் முதலில் இரத்தம் எடுக்கப்பட்டது என்று பிரித்தார்.

முதல் 4 நாள்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள் 41 பேர். இறந்தவர்கள் 18 பேர்.
5 முதல் 9 நாள்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள் 36 பேர். இறந்தவர்கள் 9 பேர்.

முதல் குழுவில் ஏறத்தாழ 44 சதவீதம். இரண்டாம் குழுவில் 25 சதவீதம். சீக்கிரம் இரத்தம் எடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி. முதல் குழுவில் பிழைத்தவர்களுக்கு நோய் சுமார் 3 நாள் முன்னதாகவே தீர்ந்தது என்பதையும் லூயி மறைக்கவில்லை. இரத்தம் எடுப்பதை அவர் அடியோடு மறுக்கவும் இல்லை; நினைத்த அளவுக்குப் பயனில்லை என்றே சொன்னார். புரூசே 1838 இல் இறந்தார். அதற்கு முன்பே அவருடைய செல்வாக்கு சரியத் தொடங்கிவிட்டது.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். சதவீதத்தைக் கண்டுபிடித்த பிறகு, “ஆக, சீக்கிரம் இரத்தம் எடுத்ததால்தான் அதிகம் பேர் இறந்தார்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். அப்போது இன்னொரு கேள்வியை வையுங்கள்: “இரண்டாம் குழுவில் சேர வேண்டுமென்றால் ஒருவர் குறைந்தது எத்தனை நாள் உயிரோடு இருந்திருக்க வேண்டும்?” முதல் 4 நாள்களிலேயே இறந்துபோகும் அளவுக்குக் கடுமையான நோயாளி அந்தக் குழுவுக்கு வந்திருக்கவே முடியாது. இரு குழுக்களும் சமமானவை அல்ல என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் நொடி மிக அழகானது. அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

இன்று அறுவை மருத்துவர்கள், ஒட்டவைத்த விரல்களிலும் தோலிலும் தேங்கும் இரத்தத்தை வெளியேற்ற அட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். எந்த நோய்க்கு, எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

கடைசியாக ஒன்று. புரூசேயைப் படித்து முடித்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாகப் பின்தங்கும் மாணவர் எல்லோருக்கும் நான் சொன்ன காரணம் ஒன்றுதான்: “வீட்டில் படிப்பதில்லை.” கொடுத்த மருந்தும் ஒன்றுதான்: பத்து முறை எழுதிவா. மதிப்பெண் பதிவேட்டை எடுத்து, எழுதி வந்தவர்களின் அடுத்த தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தேன். பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒருத்திக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பதை, அதற்குப் பிறகு அவளை அழைத்துப் பேசியபோதுதான் அறிந்தேன். அவளும் என் பேச்சைக் கேட்டுப் பத்து முறை எழுதியவள்தான்.

நம் பதிவேடுகளிலும் எண்கள் இருக்கின்றன, ஆசிரிய நண்பர்களே. ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.