தொண்டுக்குப் போனாலும் விசா கேட்பார்கள்

"நான் சம்பளத்துக்குப் போகவில்லை. சும்மா தொண்டு செய்யத்தானே போகிறேன், அதற்கு என்ன விசா?" வெளிநாட்டுத் தொண்டூழியம் பற்றிப் பேச்செடுத்தாலே நம் இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் குடிநுழைவு அதிகாரியின் கணக்கு வேறு. நீங்கள் காசு வாங்குகிறீர்களா என்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் பார்க்கிறார். நேப்பாளத்தில் சுற்றுலா விசாவில் இருப்பவர், முன் அனுமதி இல்லாமல், ஊதியம் வாங்கியும் வேலை செய்யக்கூடாது, வாங்காமலும் செய்யக்கூடாது.

லாபிஸ், சிகாமட் பக்கத்து மக்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய விஷயமல்ல. ஜொகூர் பாரு போய் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். கடப்பிதழும், இணையத்தில் நிரப்பிய வருகை அட்டையும் போதும். அந்தப் பழக்கத்தில் மற்ற நாடுகளையும் அப்படியே நினைத்துவிடுகிறோம். விசா இல்லாமல் நுழையலாம் என்றால் சுற்றிப் பார்க்கலாம், உறவினரைக் காணலாம் என்றுதான் பொருள். பள்ளியில் பாடம் நடத்தலாம் என்று பொருளல்ல.

நம்மவர்கள் அதிகம் விரும்புவது தமிழ்நாட்டைத்தான். தாத்தா ஊரில் ஒரு பள்ளி, ஒரு முதியோர் இல்லம், ஏதாவது ஓர் ஆசிரமம். இங்கே இந்திய அரசின் விதி தெளிவாகவே இருக்கிறது. சுற்றுலா விசாவில் வருபவர் குறுகிய காலத் தொண்டு செய்யலாம். அதிகபட்சம் ஒரு மாதம். பணமோ வேறெந்தக் கைம்மாறோ பெறக்கூடாது. இந்த ஒரு மாதத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓராண்டு செல்லும் விசா கையில் இருக்கிறது, ஆகவே ஓராண்டு தொண்டு செய்யலாம் என்று எண்ணுகிறார்கள். விசாவின் ஆயுள் வேறு, தொண்டுக்கான கால அளவு வேறு. "பெட்ரோல் செலவுக்கு வைத்துக்கொள் தம்பி" என்று நிர்வாகி அன்போடு நீட்டும் தொகையும் சிக்கலாகலாம்.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று திட்டமிட்டால் வழி வேறு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளமின்றிப் பணியாற்றுவோரை இந்தியா வேலை விசாப் பிரிவில் சேர்க்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், தொண்டூழியருக்கும் அதில் இடமிருக்கிறது. ஆனால் அதைக் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வழி, புறப்படும் முன்பே பெற வேண்டும். மின்-சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசா என்றால், பொதுவாக இறங்கிய 14 நாட்களுக்குள் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளவும் வேண்டும்.

சமயப் பிரசாரம் இதில் சேராது, அதற்குத் தனி விசா உண்டு. 2020 ஏப்ரலில், தப்லீக் ஜமாஅத் நடவடிக்கைகளில் ஈடுபட்டதாகக் கூறி 960 வெளிநாட்டவரின் சுற்றுலா விசாக்களை இந்திய உள்துறை அமைச்சு ரத்து செய்து, அவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. மலேசியர்களும் வழக்குகளில் சிக்கினர். பின்னர் பலரை நீதிமன்றங்கள் விடுவித்தன. ஆனால் அதுவரை மாதக்கணக்கில் ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

சரி, கையில் என்ன இருக்க வேண்டும்? அழைக்கும் நிறுவனத்தின் கடிதம் முதலில். பதிவு எண், முகவரி, நீங்கள் செய்யப்போகும் பணி, தொடங்கும் நாள், முடியும் நாள், ஊதியம் இல்லை என்ற வரி ஆகியவை அதில் வேண்டும். "இவரை அன்புடன் வரவேற்கிறோம்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. விண்ணப்பத்தில் எழுதுவதும், கடிதத்தில் இருப்பதும், முகப்பில் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கட்டும். திரும்பும் டிக்கெட்டும் செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கைவசம் இருப்பது நல்லது.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தலைவலி பெயரில் இருக்கிறது. கடப்பிதழில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று சாய்கோட்டோடு இருக்கும். விமான டிக்கெட்டும் பல விசா பாரங்களும் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் எது என்றும் கேட்கும். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன, அவற்றில் சாய்கோடு வராது. அதைப் பார்த்து, விசாவிலும் டிக்கெட்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அப்பா பெயரை ஒன்றில் போட்டு மற்றொன்றில் விட்டுவிட்டால், விமான நிலையத்தில்தான் அது தெரியவரும்.

இந்தப் பக்கமும் ஒரு சோதனை உண்டு. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். வருமான வரி பாக்கிக்காக வாரியம் பயணத் தடை விதித்திருக்கலாம். திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது. தடை இருக்கிறதா என்பதைக் குடிநுழைவுத் துறையின் அகப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிடலாம். டிக்கெட் வாங்கிய பிறகல்ல, வாங்கும் முன்.

பிரிட்டனில் வருகையாளர் ஒருவர் பதிவு பெற்ற அறநிறுவனத்தில் மொத்தம் 30 நாட்கள் வரை தொண்டு செய்யலாம். ஆஸ்திரேலியாவில் பயணத்தின் முதன்மை நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும், உள்ளூர்க்காரர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் தொண்டு என்ற பெயரில் செய்யக்கூடாது. ஆப்பிரிக்கா போவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்க வேண்டாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். உகாண்டா போன்ற நாடுகள் நுழையும்போதே அதைக் கேட்கும். அங்கிருந்து திரும்பினால் நம் நாட்டிலும் கேட்பார்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிக்கெட் இலவசம், விசா நாங்களே எடுத்துத் தருகிறோம் என்ற விளம்பரங்களை நம்பிப் போன மலேசியர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகள் 2022-இல் நாளேடுகளை நிரப்பின. வேலை என்று அழைத்தவர்கள் நாளை தொண்டு என்றும் அழைக்கலாம். போய் இறங்கியதும் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் எந்த அமைப்பும் நல்ல அமைப்பல்ல. படமெடுத்த பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும், அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் குறித்து வைக்கப்படட்டும். விசா பாரம் நிரப்பும்போதும் எச்சரிக்கை தேவை. இந்தியாவின் அதிகாரப்பூர்வ அகப்பக்க முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்கும் பக்கம் திறந்தால் உடனே மூடிவிடுங்கள்.